மிச்சக் கூலி

தில்லிக்கு வந்து இறங்கும் தமிழ் மாணவனுக்கு முதற் பாடம் வகுப்பறையில் நடப்பதில்லை. முன்பே வந்து சேர்ந்த அண்ணன்மார் அதை அறையிலேயே நடத்திவிடுகிறார்கள். “கேட்ட விலையில் பாதியைச் சொல். மறுத்தால் நடையைக் கட்டு. அவனே பின்னால் கூப்பிடுவான்” என்பதே அந்தப் பாடம். சரோஜினி நகரில் சட்டை வாங்கவும், குளிருக்குக் கம்பளி வாங்கவும், ரிக்‌ஷாவில் ஏறவும் அது எனக்குப் பயன்பட்டது. பயன்பட்டதாலேயே அதை ஒரு நீதியாகவும் எடுத்துக்கொண்டேன். அந்த நீதி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இங்கே எழுதுகிறேன். பெருமைப்படத்தக்க கதை அன்று இது. ஆயினும் நம் சங்கத்துத் தோழர்களில் பலர் என்னைப்போல் வாடகை அறைகளில் இருப்பவர்கள். அவர்களுக்கும் கதவு இருக்கிறது, மழைக்காலம் வருகிறது. ஆகையால் எழுதத் துணிந்தேன்.

2024ஆம் ஆண்டு ஜூலையில், கமலா நகருக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் குடிபுகுந்தேன். தில்லியில் அத்தகைய அறைக்குப் ‘பர்சாதி’ என்று பெயர். ‘பர்சாத்’ என்றால் மழை. பெயரிலேயே மழை இருப்பதை நான் அப்போதே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வாடகை குறைவு, காற்று மிகுதி, பல்கலைக்கழகமோ நடக்கும் தொலைவு. வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்திருந்தேன். ஆகஸ்டு நடுவில் கதவு என்னோடு பகைத்துக்கொண்டது. பலகைகளை நெடுக்காகச் சேர்த்து, பின்புறம் குறுக்குச் சட்டம் அடித்த பழங் கதவு அது. ஒருநாள் காலையில் நிலைக்குள் நுழையவே மறுத்துவிட்டது. தோள்கொடுத்து இடித்துப் பார்த்தேன். தோள்தான் வலித்தது.

பூட்ட முடியாத அறையை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போவது எப்படி? கணினியையும் சான்றிதழ்களையும் முதுகில் சுமந்துகொண்டு ஒரு வாரம் அலைந்தேன். வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். “மழை போனால் கதவு தானே சரியாகும். அவசரமென்றால் உன் செலவில் பார்த்துக்கொள்” என்றார்.

செலவென்று ஆனபின் ஒரு புத்தக அலமாரியும் செய்துகொள்ளலாமே என்று தோன்றிற்று. தரையில் அடுக்கியிருந்த புத்தகங்களை ஈரம் தின்றுகொண்டிருந்தது. கீர்த்தி நகர் மரக்கடைகளுக்குப் போனேன். மா மரத்துப் பலகைகள் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றும் நான்கடி நீளம், பத்தங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். அங்கேயும் பாதி விலை கேட்டேன். கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டி, “அந்த விலைக்கு அது” என்றார். ஏன் அது மலிவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொழிலாளிகள் கூடும் நாற்சந்திக்குப் போனேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்ணம் பூசுகிறவர்கள் காலி டப்பாவில் தூரிகையை நட்டுவைத்திருப்பார்கள். கொத்தனார்கள் கரண்டியை மடியில் வைத்திருப்பார்கள். தச்சர்களின் சாக்குப்பையிலிருந்து ரம்பத்தின் பிடி எட்டிப் பார்க்கும். பத்து மணிக்குள் யாரும் அழைக்காவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு வேலை இல்லை. அது அவர்களுக்கும் தெரியும், பேரம் பேச வருகிற நமக்கும் தெரியும்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்தார். வேலையைச் சொன்னேன்: கதவைச் சரிசெய்ய வேண்டும், ஓர் அலமாரி செய்ய வேண்டும், இரண்டு நாள் வேலை. “நாளுக்குத் தொள்ளாயிரம்” என்றார். “நானூற்றைம்பது” என்றேன். அவர் சிரித்தார். பாடத்தின்படி நடையைக் கட்டினேன். ஆனால் பாடத்தின்படி அவர் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து, “எழுநூறு. இதுதான் முடிவு” என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது. சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஏதோ பரிசு வென்றவனைப்போல் முன்னே நடந்தேன். மூன்று மாடிப் படிகளையும் அவர் அந்தப் பையோடு ஏறி வந்தார்.

வந்தவர் இழைப்புளியைக் கையில் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கதவின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். உராய்ந்து பளபளத்த இடங்களிலெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடிட்டார். கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடியும் திறந்தார். பிறகு கீல்களைக் கழற்றினார். திருகாணித் துளைகள் தளர்ந்திருந்தன. மரச்சீவல்களைப் பசையில் தோய்த்துத் துளைகளில் அடைத்து, நீளமான திருகாணிகளால் கீல்களை மறுபடி பொருத்தினார். அதற்குள் நண்பகல் ஆகிவிட்டது. ‘எழுநூறு ரூபாய்க்கு நாளை ஓட்டுகிறார்’ என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில்தான் இழைப்புளி கதவைத் தொட்டது. வெங்காயத் தோல்போல் நாலைந்து சுருள் விழுந்ததும் நிறுத்திவிட்டார். கதவு சாத்திற்று. ஆனால் முழங்கையால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டியிருந்தது.

“இன்னும் அரை விரல் எடுத்துவிடுங்கள், மிஸ்திரிஜி. தாராளமாகச் சாத்தட்டும்” என்றேன்.

“இப்போது இதன் வயிறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, பேட்டா. இன்று தாராளமாக எடுத்தால் பூஸ் மாதத்துக் குளிர் அந்த வழியாக உள்ளே வந்து உன்னோடு படுத்துக்கொள்ளும்” என்றார்.

அடுத்துப் பலகைகளைப் பார்த்தார். ஒரு பலகையை விரல்முட்டியால் தட்டினார். முகர்ந்தும் பார்த்தார். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, “பச்சை மரம்” என்றார். “இதில் இன்று அலமாரி செய்தால் தீபாவளிக்குள் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். காயட்டும். நான் வந்து செய்து தருகிறேன்.” சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பழைய சட்டத்தை ஒரே கனமுள்ள சிறு துண்டுகளாக அறுத்தார். கட்டிலுக்கடியில் அவற்றை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின்மேல் ஒரு பலகை, அதன்மேல் மறுபடியும் துண்டுகள், மறுபடியும் பலகை என்று அடுக்கினார். ஒவ்வொரு வரிசைத் துண்டும் கீழ்வரிசைத் துண்டுக்கு நேர்மேலே அமையும்படி பார்த்துக்கொண்டார். உச்சியில் என் இரும்புப் பெட்டியைப் பாரமாக ஏற்றினார்.

எனக்குச் சினம் வந்தது. இரண்டு நாள் வேலையை இரண்டு பருவத்து வேலையாக்கி, இருமுறை கூலி வாங்கப் பார்க்கிறார் என்று தோன்றிற்று. ‘வெளியூர்ப் பையன், இந்தியும் அரைகுறை, எதுவும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டார்!’ அன்று காலை முதல் அந்த எண்ணத்தோடுதானே நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? ஆகவே அதற்குச் சான்று கிடைத்ததாக நம்புவது எளிதாயிற்று. முந்நூற்றைம்பது ரூபாயை நீட்டி, “பாதி வேலைக்குப் பாதிக் கூலி” என்றேன்.

அவர் எண்ணிப் பார்த்தார். “காலை முதல் விளக்கு வைக்கும்வரை வேலை செய்திருக்கிறேன்” என்றார்.

“அலமாரி எங்கே?”

கட்டிலுக்கடியில் கையைக் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அறையில் சிதறிக் கிடந்த சீவல்களைக் கூட்டி ஒரு செய்தித்தாளில் கட்டி மூலையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் ரசாயனம் படிக்கிற மாணவன். அவர் சொன்னது பொய் என்று நிறுவிவிட வேண்டும் என்ற வீம்பு எழுந்தது. ஒரு பலகையின் முனையில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நிறுத்தேன்: 186 கிராம். 103 பாகைச் சூட்டு அடுப்பில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். புதன்கிழமை நின்றது: 134 கிராம். உலர்ந்த மரம் நூறு பங்கென்றால் அதில் 39 பங்கு தண்ணீர் இருந்திருக்கிறது! தில்லியைப்போன்ற வறண்ட உள்நாட்டு ஊரில், வீட்டுக்குள் இருக்கும் அலமாரிப் பலகையில் இருக்கத்தக்கது இதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தியத் தரக்கட்டளைகளில் 287ஆம் எண்ணுள்ளது இதைப் பற்றியதே. ஊருக்கு ஊர் காற்றின் ஈரம் வேறுபடுவதால் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று அது சொல்கிறது. அதை நான் அன்று மாலை படித்தேன். மிஸ்திரி அதை விரல்முட்டியால் படித்திருந்தார்.

மற்றதும் புரிந்தது. மரத்தின் நுண்ணறைகளுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் முதலில் போகும். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 பங்குக்குக் கீழே இறங்கியதும், செல்லுலோசோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் விலகத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரேபோல் இல்லை. நீளத்தில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பச்சைப் பலகை முறுக்கிக்கொள்வது இதனால்தான். நெடும்பலகைக் கதவு மழையில் அகலத்தில் மட்டும் பருப்பதும் இதனால்தான். செல்லுலோசின் அமைப்பைத் தேர்வில் பலமுறை வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். என் அறைக் கதவும் செல்லுலோசுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நண்பர்களே, இத்தோடு முடிந்திருந்தால் இது ஓர் அறியாமைக் கதை. என்னை உறுத்துவது இதற்குப் பின் நடந்தது. புதன்கிழமை மாலையே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் நாற்சந்திக்குப் போய் முந்நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்திருக்கலாம். போகவில்லை. மாதக் கடைசி என்று சொல்லிக்கொண்டேன். உதவித்தொகை வரட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உதவித்தொகை வந்தது. ‘அலமாரி செய்ய வரும்போது சேர்த்துக் கொடுத்துவிடலாம்’ என்று சொல்லிக்கொண்டேன். பாதிக் கூலியோடு அனுப்பியவன் வீட்டுக்கு அவர் ஏன் மறுபடி வரப்போகிறார்? இதற்கிடையில், அந்த நாற்சந்தியை அடையுமுன்பே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்து போகும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊரில் கதவு பிடித்துக்கொண்டால் ஆசாரியை அழைப்போம். அப்பா அவரிடம் முன்கூட்டிக் கூலி பேசி நான் கண்டதில்லை. வேலை முடிந்ததும் ஆசாரி ஒரு தொகை சொல்லுவார், அப்பா கொடுப்பார். அப்பா என்னைவிட நல்லவர் என்பது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. மறுநாளும் இருவரும் அதே தெருவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். ஏமாற்றினால் தெரு கேட்கும். இங்கே நம்மைக் கேட்கத் தெரு இல்லை. ‘இவ்வூரார் நம்மை ஏமாற்றிவிடுவார்கள்’ என்று ஓயாமல் அஞ்சுகிறோமே, அந்த அச்சத்தின் மறுபக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நாம் ஏமாற்றினாலும் கேட்பார் இல்லை என்பதே அது. அயலூரில் ஏமாறக்கூடாது என்று விழிப்பாக இருந்தவன், ஒரு முழுநாள் உழைப்பில் பாதியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டுவிட்டான். அதற்கு அவன் வைத்துக்கொண்ட பெயர் சாமர்த்தியம்.

செப்டம்பரில் இன்னொரு சாமர்த்தியமும் செய்தேன். அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவி, மாடிச் சுவரில் வெயில் படும்படி சாய்த்து வைத்தேன். அவர் மூன்று மாதம் என்றதை மூன்று வாரத்தில் உலர்த்திக் காட்டுவது என் எண்ணம். உலர்ந்தது உண்மை. ஆனால் வெயில் பட்ட முகம் முந்திச் சுருங்கி, பலகை தோணிபோல் குழிந்துவிட்டது. முனையில் ஒரு வெடிப்பும் கண்டது. கட்டிலுக்கடியில் இருந்த ஐந்தும் நேராக இருந்தன. ஒரே மரம், ஒரே கடை, ஒரே அறை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சிறந்த சோதனையை எந்த ஆய்வுக்கூடத்திலும் நான் செய்ததில்லை.

அக்டோபரில் தில்லி அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்திய செய்தியைப் படித்தேன். தொழில் தேர்ந்தவர்க்கு மாதம் 21,917 ரூபாய். இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 843. நான் வெற்றி பெற்றதாக மகிழ்ந்த விலை 700. கொடுத்ததோ 350.

நவம்பரில் காற்று வறண்டது. ஒரு காலையில் கதவைச் சாத்தினேன். முழங்கை வேண்டியிருக்கவில்லை. ஒரு விரல் தொட்டதும் போய்ப் பொருந்தி நின்றது. விளிம்பில் ஒரு நாணயம் நுழையும் இடைவெளிதான் இருந்தது. நான் கேட்டபடி அரை விரல் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதவின் எதிரே சிறிது நேரம் நின்று எண்ணிப் பார்த்தேன். பிறகு வெட்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவரைத் தேடப் புறப்பட்டேன்.

அது தில்லி புகையில் மூழ்கியிருந்த வாரம். நவம்பர் 18ஆம் நாள் முதல் காற்றுமாசுத் தடுப்புத் திட்டத்தின் நான்காம் படி நடைமுறைக்கு வந்து, கட்டட வேலைகள் நிறுத்தப்பட்டிருந்தன. நாற்சந்தியில் என்றும் இல்லாத கூட்டம். அழைக்க வருவோர்தாம் இல்லை. பத்து மணி கடந்தும் பலர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். முந்நூற்றைம்பது ரூபாய் எனக்கு இரண்டு நாள் சிற்றுண்டிச் செலவு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது என்ன என்பதை அவர்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் அவர் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. பெயரைக்கூட அன்று நான் கேட்டுவைக்கவில்லை. “நரைத்த மீசை, பெரிய மிஸ்திரி” என்று யாரிடம் போய் விசாரிப்பது? மூன்றாம் நாள், ஒரு தேநீர்க் கடையின் ஓரத்தில், மூக்கையும் வாயையும் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாக்குப்பையைக் கொண்டுதான் அடையாளம் கண்டேன்.

என்ன சொல்வது என்று இந்தியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவரைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. பணத்தை நீட்டி, “அன்றைய மீதி. தவறு என்னுடையது” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு துணியைக் கீழே இறக்கி, “பலகைகள் எப்படி இருக்கின்றன?” என்று கேட்டார்.

“ஐந்து நேராக இருக்கின்றன. ஒன்றை நான் வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டேன்.”

அப்போதுதான் சிரித்தார். பணத்தை எண்ணாமலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “சாச்சா, அலமாரிக்கு வருகிறீர்களா? நீங்கள் சொல்லுகிற கூலி” என்றேன். “தொள்ளாயிரம்தான். அன்றும் அதுதான் சொன்னேன்” என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் வந்தார். அறுக்கும்போது விழுந்த ஒரு துண்டை நான் மறுபடியும் நிறுத்து உலர்த்தினேன். 13 பங்கு ஈரம். அதைச் சொன்னபோது, “உன் அடுப்பும் அதையே சொல்கிறதா? நல்லது” என்றார். தோணியாகிப் போன பலகையை எறிந்துவிடலாம் என்றேன். விடவில்லை. நெடுக்கே மூன்று பட்டைகளாக அறுத்தார். அகலம் குறைந்ததும் குழிவும் குறைந்துவிட்டது. இழைத்து நேராக்கிப் பின்பக்கத்துச் சட்டங்களாகப் பொருத்தினார். ஒன்றரை நாள் வேலை. கணக்குப்படி 1,350 ரூபாய் கொடுத்தேன். இம்முறை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

தோழர்களே, நீங்கள் தச்சரை அழைக்க நேர்ந்தால் நான் கற்றதை மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன். மரத்தை நீங்களே வாங்கப் போகாதீர்கள். மிஸ்திரியை அழைத்துப் போங்கள். மழைக்காலத்தில் கதவை மிகுதியாக இழைக்கச் சொல்லாதீர்கள். கூலியை வேலை தொடங்குமுன் பேசுங்கள். ஆனால் பேசியபின், உங்களுக்குப் புரியாத வேலையை நடக்காத வேலை என்று கழித்துவிடாதீர்கள். கேட்ட விலையில் பாதி என்ற பாடம் சட்டைக்குப் பொருந்தலாம். ஒரு மனிதனின் நாளுக்குப் பொருந்தாது.

2025ஆம் ஆண்டு மழையும் வந்தது. கதவு பருத்தது. முழங்கையால் ஒரு தள்ளுத் தள்ளிச் சாத்தினேன். இழைக்கச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை. நாற்சந்தி வழியாகத்தான் இப்போதும் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன், அந்தப் பக்கத்து நடைபாதையிலேயே. சாச்சா இருந்தால், “கதவு எப்படி?” என்று கேட்பார்.